அறிவியல் வகுப்புக்கு வீடியோ: போனில் எடுப்பது முதல் வகுப்பில் நிறுத்திக் கேட்பது வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுப்பவர்களுக்கான வழிகாட்டி இது. சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று, பள்ளியில் ஒரு டிவி அல்லது புரொஜெக்டர், ஒரு பென் டிரைவ். இவ்வளவு போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கேமராவில் தடுமாறுவதைவிட வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நல்ல வீடியோ ஒன்று கண்ணில் பட்டதும் இறக்கி வைத்துக்கொண்டு, அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று பிறகு தேடுவார்கள். வகுப்பு அமைதியாகப் பார்க்கும், கைதட்டும், அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நிற்காது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கேள்வியை எழுதிய பிறகே போனைத் தொடுங்கள்

பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தவறாக நினைக்கிறார்களோ, அந்த இடத்தை ஒரே கேள்வியாக ஒரு தாளில் எழுதுங்கள். "வெப்ப விரிவு" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. "தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடினால் தண்ணீர் எப்போது மேலே ஏறும், சுடர் எரியும்போதா அணைந்த பிறகா?" என்பது கேள்வி. பதிலைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். பார்த்துத் தீர்க்க முடியாத கேள்விக்கு வீடியோ உதவாது.

கேள்விக்குக் கீழே பிள்ளைகள் சொல்லக்கூடிய இரண்டு, மூன்று பதில்களையும் எழுதுங்கள். அவற்றில் ஒன்றாவது தவறாக இருந்தும் நியாயமாகத் தோன்ற வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. இயற்பியல் வீடியோக்களால் யூடியூபில் பெயர்பெற்ற டெரெக் முல்லர், 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தெளிவாக விளக்கிச் சொல்லும் வீடியோவைப் பார்த்தவர்கள் புரிந்தது என்றார்கள், ஆனால் பிறகு வைத்த சோதனையில் பெரிய முன்னேற்றம் இல்லை. மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தை முதலில் எடுத்துப் பேசிய வீடியோ பார்ப்பவர்களைக் குழப்பியது, ஆனால் மதிப்பெண்ணை உயர்த்தியது. விளக்கும் வேலையை வீடியோவிடம் கொடுக்காதீர்கள். அது நிகழ்வைக் காட்டட்டும்.

2. டிவியை முதலில் சோதியுங்கள்

படம் எடுத்து முடித்த பிறகு டிவியில் ஓடவில்லை என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். ஆகவே எதையும் எடுக்கும் முன், பத்து நொடிக்கு எதையாவது படம்பிடித்து, பென் டிரைவில் போட்டு, வகுப்பில் இருக்கும் அதே டிவியில் ஓட்டிப் பாருங்கள்.

ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டால், பெரும்பாலும் போன் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவு செய்கிறது என்று பொருள். இடம் மிச்சமாகும் என்பதால் புதிய போன்கள் அந்த முறையில் பதிவு செய்வதுண்டு, பழைய டிவிகளுக்கு அது புரியாது. கேமரா செட்டிங்கில் வீடியோ பதிவு முறையை எச்.264 என்று மாற்றினால் தீரும்.

பென் டிரைவையே டிவி காட்டவில்லை என்றால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. நமக்கு வேண்டியது ஒன்று, இரண்டு நிமிடத் துண்டுகள்தான் என்பதால் அது சிக்கலே இல்லை.

போனிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. வயர் வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே உங்கள் போனில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த போன்களில் பலவற்றின் சார்ஜர் துளை வழியாகப் படம் வெளியே போகாது. வயரில் குறை இருக்காது, ஆனால் காசு போய்விடும்.

3. எதை நாம் எடுப்பது, எதை இணையத்தில் தேடுவது, எதை இரண்டுமே செய்யாமல் விடுவது

பிள்ளைகள் வகுப்பிலேயே கையால் செய்யக்கூடியதற்கு வீடியோ வேண்டாம். காந்தம், எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும், எளிய மின்சுற்று எல்லாம் மேசைக்கு வரட்டும்.

நாம் எடுக்க வேண்டியவை மூன்று வகை. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நடப்பவை, பல மணி நேரம் இழுப்பவை, ஒரே மேசையைச் சுற்றி நாற்பது பேர் நின்று பார்க்க முடியாத சிறியவை. நம் ஊரில் நடப்பவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி ஏன் கீழ் கியரிலேயே ஊர்ந்து இறங்குகிறது என்பது உராய்வுப் பாடத்துக்கு அருமையான கேள்வி. பிரேக்கை மட்டுமே பிடித்துக்கொண்டு இறங்கினால் உராய்வில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் போனோடு நிற்காதீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி பிரேக் பிடித்து, பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்க்கும் கையை எடுத்தால் போதும்.

சோடியம் தண்ணீரில் போடுவது, அடர் அமிலங்கள், விண்வெளி, இதயத் துடிப்பு போன்றவற்றை இணையத்தில் எடுங்கள்.

4. படம் பிடித்தல்

இடம்: ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், ஜன்னல் உங்கள் பக்கவாட்டில். டியூப் லைட்டின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஸ்லோ மோஷனில் இது படத்தையே கெடுத்துவிடும்.

பின்னணி: ஒரு கறுப்பு சார்ட். தண்ணீர், புகை, சுடர், கண்ணாடி எல்லாம் கறுப்புக்கு எதிரே தெளிவாகத் தெரியும். மேசை மேல் சாவி, டீ கிளாஸ், விடைத்தாள் எதுவும் இருக்கக்கூடாது. பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும்.

போனைப் படுக்கை வசத்தில் வையுங்கள். நிற்க வைத்து எடுத்தால் டிவியின் இரண்டு பக்கமும் கறுப்பாகி, பொருள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஸ்டாண்டு வாங்கத் தேவையில்லை. இரண்டு செங்கல்லுக்கு நடுவே செருகி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால் ஆடாது. கையில் பிடித்து எடுத்தால் அளவுகோலில் எதையும் படிக்க முடியாது.

பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நடுவில் கை குறுக்கே வரும்போது கேமரா வெளிச்சத்தைத் தானாக மாற்றும். திரவத்தின் நிறம் மாறியதா, கேமரா மாற்றியதா என்று யாருக்கும் தெரியாது. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

1080 அளவு, நொடிக்கு 30 படம் என்ற அமைப்பு போதும். இதில் ஒரு நிமிடம் 100 எம்பியைத் தாண்டும், அதனால் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள். பேசாதீர்கள். வாய்ச்சொல் இல்லாத வீடியோவை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம், திருப்பி ஓட்டலாம். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் பலர் இருப்பார்கள். பேசாத படம் எல்லோருக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரும்.

பிள்ளைகளின் முகம் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும். கோப்பு எந்த வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

5. முழு எடுத்துக்காட்டு: மெழுகுவர்த்தியும் டம்ளரும்

இதை முதல் வீடியோவாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம், இணையத்தில் இந்தச் சோதனைக்குக் கிடைக்கும் விளக்கங்களில் பல தவறானவை. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று" என்பார்கள். அது சரியில்லை என்பதை நீங்கள் எடுக்கும் படமே காட்டிவிடும்.

தேவை: தட்டையான தட்டு, ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், அதில் சில துளி மை, 5 செ.மீ. உயர மெழுகுவர்த்தி மூன்று, 12 செ.மீ. உயரமுள்ள கண்ணாடி டம்ளர், இரண்டு நாணயம், மார்க்கர். மூன்று திரியும் டம்ளருக்குள் அடங்க வேண்டும், மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள்.

டம்ளர் மேல் வாயிலிருந்து ஒவ்வொரு செ.மீ.க்கும் கோடு போடுங்கள். மெழுகை உருக்கி ஒரு மெழுகுவர்த்தியைத் தட்டின் நடுவில் ஒட்டுங்கள். டம்ளரின் விளிம்பு உட்காரும் இடத்தில் இரண்டு நாணயத்தையும் எதிரெதிரே வையுங்கள். நாணயம் வைக்காவிட்டால் விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் போகலாம். சோதனை "வரவில்லை" என்பவர்களில் பலர் விட்டது இதைத்தான்.

போனின் லென்ஸ் தண்ணீர் மட்டத்தின் உயரத்தில், 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் மட்டம் தெரியாது. சுடரின் மேல் அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக வரும்.

பதிவைத் தொடங்குங்கள், ஏற்றுங்கள், சுடர் நிலையாகும்வரை பொறுங்கள், டம்ளரை ஒரே சீராகக் கவிழ்த்துக் கையை எடுங்கள். சுடர் அணைந்த பிறகும் ஒரு நிமிடம் பதிவு ஓடட்டும். சுடர் அணைந்ததும் பதிவை நிறுத்துவதுதான் இங்கே பெரிய தவறு, ஏனென்றால் பாடம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் மூன்று தெரியும். கவிழ்த்த உடனே விளிம்புக்குக் கீழிருந்து குமிழி வெளியேறுவதுண்டு. சுடர் நன்றாக எரியும்போது தண்ணீர் அதிகம் ஏறாது. சுடர் மங்கி அணையும் நேரத்தில் மட்டம் சட்டென்று ஏறும். சுடரால் சூடேறிய காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் போனதும் மீதி காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு உருவாகிறது, ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடரும் அணைந்துவிடுகிறது.

இப்போது அதே டம்ளர், மூன்று மெழுகுவர்த்தி. மட்டம் இன்னும் மேலே போகும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒரே அளவு. அது மட்டும்தான் காரணம் என்றால் மட்டம் ஏன் கூடியது? இந்தக் கேள்விக்காகவே இரண்டு வீடியோவும் தேவை.

6. மெதுவாக நடப்பவை: முளையும் பட்டுப்புழுவும்

பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடி டம்ளரின் உள்சுவருக்கும் ஈரப் பஞ்சுக்கும் நடுவே நான்கைந்து வையுங்கள். ஓபன் கேமரா போன்ற இலவசச் செயலியில் 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்று அமைத்தால் 48 மணி நேரத்தில் 288 படம் சேரும். நொடிக்கு 12 படம் வீதம் கோத்தால் 24 நொடி வீடியோ. கோப்பதற்கு ஓபன்ஷாட் போன்ற இலவச மென்பொருள் போதும். போன் சார்ஜரிலேயே இருக்கட்டும்.

வெளிச்சம் மாறாமல் இருப்பது இங்கே முக்கியம். ஜன்னலை மூடி, ஒரு எல்.இ.டி. பல்பை மட்டும் இரவும் பகலும் எரிய விடுங்கள். மின்சாரம் போனால் அந்த நேரத்துப் படங்கள் கறுப்பாகும், அவற்றை நீக்கிவிட்டால் சரி. அரை மணி நேர இடைவெளி பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வேர் எப்போதும் கீழே போகுமா என்று கேட்க, நடுவில் டம்ளரை ஒரு முறை பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வேர் வளைந்து கீழே திரும்புவது படத்தில் வரும்.

உருமாற்றப் பாடத்துக்குப் பலரும் வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சி வீடியோவையே போடுகிறார்கள். பட்டுக்கூடு அங்காடி உள்ள தருமபுரியிலும், மல்பெரி பயிராகும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமும் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தன் வீட்டில் பார்த்ததை வகுப்புக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஆனால் புழு வளர்ப்பு மனைக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். நோய் பரவும் என்பதால் வெளியாட்களை விடமாட்டார்கள், அது நியாயம். கூடு கட்டும் பக்குவத்துக்கு வந்த இரண்டு புழுவைக் கேட்டு வாங்குங்கள். தின்பதை நிறுத்தி, உடல் பளபளத்து உள்ளே ஒளி ஊடுருவுவதுபோல ஆகி, தலையைத் தூக்கித் தூக்கி இடம் தேடும். அதுதான் பக்குவம். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவின் மூலையில் சிறு குச்சிகளோடு விட்டு, மூடியில் துளை போடுங்கள். வெளிச்சம் மிதமாக, எல்லாப் பக்கமும் சமமாக இருக்கட்டும், கடும் வெளிச்சத்தைப் புழு விலக்கும். அந்த அறையில் கொசுவத்தி, பூச்சிமருந்து எதுவும் கூடாது, புழு செத்துவிடும்.

கூடு முடிய இரண்டு மூன்று நாளாகும். நூல் தடித்துப் புழு மறைந்துவிடுவதால் முதல் 24 மணி நேரத்தைப் படம்பிடித்தால் போதும். நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 1,440 படம், நொடிக்கு 24 வீதம் ஒரு நிமிட வீடியோ.

7. இணைய வீடியோவைச் சலித்து எடுப்பது

தேட வேண்டிய இடங்கள்: பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு வழியாகத் திறக்கும் தீக்‌ஷா, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கம், அரவிந்த் குப்தாவின் எளிய பொருள் அறிவியல் பொம்மை வீடியோக்கள். கடைசியில் சொன்னவற்றில் தமிழில் பேசுபவையும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் வீடியோ இல்லை, நாமே மதிப்புகளை மாற்றிப் பார்க்கும் வகை. ஒரு முறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கப் பள்ளிகளுக்கு இது பெரிய உதவி.

முழு வீடியோவையும் நீங்கள் ஒரு முறை கடைசிவரை பாருங்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்து வகுப்பில் போடாதீர்கள். இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சோதிக்க வேண்டும்.

ஒன்று, நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்பது. எந்த வீடியோவிலும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் வெப்பமானி 97-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். வெப்பமானி கெட்டுவிட்டது என்று பிள்ளை நினைக்கும். இணைய வீடியோவையும் உங்கள் வகுப்பறை வெப்பமானியை எடுத்த படத்தையும் அடுத்தடுத்து ஓட்டிக் காரணம் கேளுங்கள். காற்றழுத்தப் பாடம் அங்கே தானாகத் தொடங்கும்.

இரண்டு, பாதி உண்மை. "தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சுத்தமாகும்" என்று முடிக்கும் வீடியோக்கள் நிறைய. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மீதியில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரிதும் அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பற்களிலும் எலும்புகளிலும் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடும். இதைச் சொல்லாமல் அந்த வீடியோவைப் போட்டால் இங்குள்ள பிள்ளைக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறோம்.

8. வெட்டுவதும் பெயரிடுவதும்

போன் கேலரியில் உள்ள டிரிம் வசதியே போதும். ஒவ்வொரு நிகழ்வையும் இரண்டு கோப்பாக்குங்கள்: முடிவுக்கு ஒரு நொடி முன்பு நிற்கும் முதல் துண்டு, முடிவு உள்ள இரண்டாம் துண்டு. ஒரே கோப்பாக வைத்துச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், ரிமோட் ஒரு நொடி தாமதிக்கும், முடிவு தெரிந்துவிடும், கேள்வி செத்துவிடும்.

டிவியில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். வகுப்பு, பாட எண், துண்டு எண் என்று எண்களாலேயே பெயரிடுங்கள்: 07-03-1, 07-03-2. வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி, டம்ளரில் போட்ட கோட்டையே அழித்துவிடும்.

9. வகுப்பில் நாற்பது நிமிடம்

பொருளை மேசை மேல் வைத்துக் கேள்வியைக் கேளுங்கள், ஐந்து நிமிடம். முதல் துண்டை ஓட்டி நிறுத்துங்கள். மூன்று பதில்களைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் தன் பதிலையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதட்டும். கை தூக்கச் சொல்வது இதற்குப் பிறகுதான். எழுதும் முன் கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

எண்ணிக்கையைப் பலகையில் குறித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவரை எழுப்பி, "ஏன் அப்படி நினைக்கிற?" என்று மட்டும் கேளுங்கள். சரி, தவறு சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். பழக்க தோஷத்தில் "நல்லா பாருங்க, இப்ப தண்ணி ஏறப்போகுது" என்று வாய்விட்டுவிடுபவர்கள் பலர்.

இரண்டாம் துண்டை முதலில் முழு வேகத்தில், பிறகு மெதுவாக ஓட்டுங்கள். கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் ஈ என்ற ஆங்கில எழுத்து விசை ஒவ்வொரு படமாக நகர்த்தும். சுடர் மங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு பிள்ளையை டிவி பக்கம் வரச்சொல்லி மட்டத்தைப் படிக்க வையுங்கள். விளக்கம் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்த பிறகு விட்டதை நீங்கள் சேர்க்கலாம். கடைசிப் பத்து நிமிடம் குழுவாக அதே சோதனையைக் கையால் செய்யட்டும். தீ இருப்பதால் குழுவுக்கு ஒரு வாளித் தண்ணீர், தலைமுடி கட்டியிருக்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும், அன்று இந்தப் பாடத்தை வைக்காதீர்கள். சொல்லாமல் நின்றுபோனால் போனிலேயே குழுவுக்கு எட்டுப் பேராகக் காட்டுங்கள். மற்ற குழுக்கள் அந்நேரம் சோதனைப் பொருளை அடுக்கட்டும்.

10. பாட நோட்டில் குறிக்க வேண்டியவை

ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வகுப்பு முடிந்ததும் எழுதுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் கேள்வி எளிது, அடுத்த முறை மாற்றுங்கள். யாருமே சொல்லவில்லை என்றால் முதல் துண்டில் ஏதோ குறைகிறது. பெரும்பாலும் கேமரா தள்ளி இருந்திருக்கும், அல்லது குமிழி வரும் இடம் கைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்து, பழைய எண்ணிலேயே பென் டிரைவில் மாற்றிவையுங்கள்.